எந்தப் பக்கத்து ஜன்னல்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது லிட்டில் இந்தியா பக்கம் போனால், பலகாரம், புடவை, மத்தாப்பு வாங்கும் கூட்டத்துக்கு நடுவே திரைச்சீலை வாங்கவும் ஒரு கூட்டம் நிற்கும். பழைய திரையைக் கழற்றி, கம்பியைத் துடைத்து, புதுசு மாட்டினால்தான் வீட்டுக்குப் பண்டிகை வந்ததாக நம் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் கேலாங் சிராயிலும் இதே கதைதான்.

போன வருடம் நானும் அப்படி ஒரு கடையில் நின்றேன். அரக்குச் சிவப்பில் கனமான துணி ஒன்று பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ஜன்னல் அளவைச் சொன்னேன். கடைக்காரத் தம்பி விலையைச் சொல்லவில்லை.

“ஜன்னல் எந்தப் பக்கம்க்கா?”

“எந்தப் பக்கமா இருந்தா என்ன தம்பி?”

“மேற்கா இருந்தா இது வேணாம்க்கா. சீக்கிரம் வெளுத்துரும். வீடும் கொதிக்கும்.”

“இவ்வளவு கனமா இருக்கே, வெயில் எப்படி உள்ள வரும்?”

“வெளிச்சம் வராதுக்கா. சூடு வரும்.”

எங்கள் ஜன்னல் மேற்குதான். அந்தப் பையன் எங்கே பெளதிகம் படித்தானோ தெரியாது, சொன்னது அத்தனையும் சரி.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மீதி ஆறு மாதம் தெற்கே. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தலை உச்சியிலிருந்து 25 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு நடுப்பகல் வெயில் செங்குத்தாக, மேலிருந்து சரிந்து விழுகிறது. ஜன்னலுக்கு மேலே ஓரிரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிமெண்ட் பலகையே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் பல, நீளவாட்டம் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி நிற்பதன் பயன் இதுதான்.

கிழக்கும் மேற்கும் அப்படியில்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் நம் கண் மட்டத்துக்கு இறங்கி வந்து நேராக ஜன்னலுக்குள் பார்க்கிறது. மேலே எவ்வளவு பெரிய கூரை நீட்டினாலும் அதன் கீழாகப் புகுந்து வந்துவிடும். இதில் நம் கடிகாரமும் ஒரு வேலை செய்கிறது. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர், ஏற்கனவே சூரியனுக்கு முந்தி ஓடிய தன் நேரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதனால் இங்கே உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை, ஏறத்தாழ 1 மணிக்கு வருகிறது. மாலை 4 மணி என்று நாம் நினைக்கும்போது சூரியன் இன்னும் 45 பாகை உயரத்தில் இருக்கிறது. ஐந்தரைக்கு 22 பாகை. பிள்ளைகள் பள்ளியிலிருந்தும் பெரியவர்கள் வேலையிலிருந்தும் வீடு திரும்பும் அதே நேரத்தில்தான் மேற்கு அறை உச்சகட்டமாகக் காய்ந்திருக்கும். வீடு பார்க்கப் போகிறவர்கள் “வெஸ்ட் சன் இருக்கா?” என்று முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்று தேடும் நம்மவர்கள், அதற்கு எதிர்ச்சுவரில் உள்ள ஜன்னல் மேற்குப் பார்க்கும் என்பதைச் சாவி வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள்.

வழவழப்பான வீட்டு அலங்காரப் பத்திரிகைகளை நம்பித் திரை வாங்குவதில் உள்ள ஆபத்தும் இதுதான். அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே தெற்கு ஜன்னல்தான் வெயில் ஜன்னல். கனத்த திரை அறையின் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கும் போர்வை. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் பாதிக்கும் குறைவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்பு, கொஞ்சம் புற ஊதா. சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தச் சூரிய ஆற்றலில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். தெளிந்த பிற்பகலில் மேற்கு ஜன்னல்மீது சதுர மீட்டருக்கு 500 வாட் அளவில் வெயில் விழக்கூடும். இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் என்றால், கூடத்தின் நடுவே ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்ததற்குச் சமம்.

அந்த வெயில் என் அரக்குச் சிவப்புத் திரையில் பட்டால் என்ன ஆகும்? அடர்நிறம் ஒளியை விழுங்கும். விழுங்கியது எங்கும் மறைந்துவிடாது. துணி சூடாகும். சூடான துணி தானே கதிர்வீசத் தொடங்கும். ஆனால் இந்தக் கதிர் நெடு அலைநீள அகச்சிவப்பு. வரும்போது வழிவிட்ட கண்ணாடி, திரும்பிப் போகும்போது வழிவிடாது. குறுகிய அலைகளுக்குத் திறந்த வாசல், நெடிய அலைகளுக்குச் சுவர். போதாக்குறைக்குத் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே மாட்டிக்கொண்ட காற்று சூடேறி, கம்பிக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக அறைக்குள் கொட்டும். திரைக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள், ஐந்து மணிக்கு அங்கே ஓர் அடுப்பு எரிவது தெரியும். அறை இருட்டாக இருக்கிறது, அதனால் குளிர்ச்சியாக இருக்கும் என்று கண் நம்புகிறது. தோல் நம்புவதில்லை.

வெள்ளைப் பின்புறம் உள்ள திரை இதைவிட மேல். அது ஒளியை ஒளியாகவே, சூடாக மாறுவதற்கு முன்னால், கண்ணாடி வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. கடைகளில் ‘பிளாக்அவுட்’ என்று விற்கும் துணியில் மூன்று பூச்சு என்று சொல்வார்கள்: வெள்ளை, கறுப்பு, மீண்டும் வெள்ளை. நடுவில் உள்ள கறுப்பு வெளிச்சத்தை நிறுத்துகிறது. ஜன்னலைப் பார்க்கும் வெள்ளைதான் வெயிலைத் துரத்துகிறது. நடுத்தர நிறத் திரைக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பின்பூச்சு இருந்தால் உள்ளே வரும் வெப்பம் 33 விழுக்காடு குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அதே துறை, ஜன்னலுக்கு வெளியே மாட்டும் வெயில்மறைப்பு மேற்கு ஜன்னலில் 77 விழுக்காடு வரை குறைக்கும் என்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைப் பிடிப்பது, திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு வாசல் கதவைப் பூட்டுவது போல.

கட்டட, கட்டுமான ஆணையத்துக்கு இது நன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவர் வழியே வரும் வெப்பத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்; சதுர மீட்டருக்கு 25 வாட் என்பது வரம்பு. அந்தக் கணக்கில் சுவருக்கு இடம் உண்டு, கண்ணாடியின் தரத்துக்கு இடம் உண்டு, வெளியே நீட்டியிருக்கும் நிழல்பலகைக்கு இடம் உண்டு. உள்ளே மாட்டும் திரைச்சீலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பொறியாளரின் பார்வையில் நம் தீபாவளித் திரை அங்கே இல்லவே இல்லை!

நம் தாத்தாக்கள் காலத்துச் சிங்கப்பூர் இதைத் தலைகீழாகச் செய்தது. திரையை வெளியே தொங்கவிட்டது. 1822-இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு எழுதிய உத்தரவில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தொடர்ச்சியான நடைவழி ஒன்று விடச் சொன்னார். நாம் ‘அஞ்சடி’ என்று சொல்வது அதைத்தான். அந்த அஞ்சடியின் தூண்களுக்கு நடுவே மூங்கில் தட்டி தொங்கும். அதில் கடைப்பெயரைப் பெரிய எழுத்தில் தீட்டியிருப்பார்கள். விளம்பரமும் ஆயிற்று, வெயில்மறைப்பும் ஆயிற்று. மேல்மாடி ஜன்னல்களில் சாய்வான மரச்சட்டங்கள் அடுக்கிய கதவுகள். வெயிலும் மழையும் வெளியே நிற்கும். காற்று மட்டும் சட்டங்களின் இடுக்கில் நுழையும். டன்லப் ஸ்திரீட்டிலும் கெர்பாவ் ரோட்டிலும் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தக் கதவுகள் இன்றும் தெரியும். அங்கே 1900-இல் கட்டிய டான் தெங் நியா வீட்டு முன்னால் செல்ஃபி எடுப்பவர்கள் அதன் வண்ணங்களைத்தான் பார்க்கிறார்கள்; அந்த ஜன்னல் கதவுகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.

தட்டி என்றதும் வெட்டிவேர்த் தட்டி ஞாபகம் வரும். தண்ணீர் தெளித்தால் மணமும் குளிர்ச்சியும் சேர்ந்து வரும் என்று ஊரில் பாட்டி சொல்லக் கேட்டு, இங்கே வாங்கி மாட்டியவர்களும் உண்டு. மணம் வரும். குளிர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லை. தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்றின் சூட்டைத் தின்கிறது. காற்று வறண்டிருந்தால் நிறையத் தின்னும். வட இந்தியாவில் மே மாத வெயிலில், 42 பாகைச் சூட்டில், ஈரப்பதம் 15 விழுக்காடு இருக்கும்போது ஈரத் தட்டி காற்றை 22 பாகை வரை இறக்க வாய்ப்புண்டு. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இந்தக் காற்று ஏற்கனவே தண்ணீர் குடித்து வயிறு நிரம்பிய காற்று. இங்கே ஈரத் தட்டி பூசணம் பிடிப்பதுதான் மிச்சம்.

மாடிவீட்டில் ஜன்னலுக்கு வெளியே நம் இஷ்டத்துக்கு எதையும் தொங்கவிட முடியாது. விழுந்தால் கீழே போகிறவர் தலையில் விழும். எனவே உள்பக்கத் திரையோடுதான் நாம் காலம் தள்ள வேண்டும். பின்புறம் வெள்ளையாக, கண்ணாடிக்கு நெருக்கமாக, வெயில் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னாலேயே இழுத்துவிட்டால் ஓரளவு பலன் உண்டு. வெயில் இறங்கியதும் முழுக்கத் திறந்துவிட வேண்டும். பலர் செய்யத் தவறுவது இந்த இரண்டாவது பாதி.

ஏனென்றால் திரை வெயிலை மட்டும் மறைப்பதில்லை, காற்றையும் மறைக்கிறது. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்கும் தென்கிழக்கும் சார்ந்த காற்று. உங்கள் வீட்டில் எது வீசுகிறது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம், மெல்லிய திரை ஒன்று போதும். ஒரு ஜன்னலில் அது அறைக்குள் கப்பல் பாய் போலப் புடைத்தால் காற்று அங்கே நுழைகிறது. எதிர்ப்பக்க ஜன்னலில் அதே துணி கம்பிக்கிராதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். யாரும் அதை வெளியே இழுக்கவில்லை; கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும் காற்று பின்பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடுவதால், அறைக்குள் இருக்கும் காற்று அதைத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் வீடு மூச்சுவிடுகிறது என்று அர்த்தம். இரண்டு திரையும் அசையாமல் நின்றால் படுக்கையறைக் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் தடை அங்கேதான் இருக்கும்.

இந்த ஊரில் ‘டே கர்ட்டன், நைட் கர்ட்டன்’ என்று இரண்டு கேட்பார்கள். பகலுக்கு வலைபோன்ற வெள்ளை, இரவுக்குக் கனத்தது. பகலில் அந்த மெல்லிய வெள்ளை எப்படி வீட்டை மறைக்கிறது? வெளியே வெளிச்சம் அதிகம். துணியின் இழைகள் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்து எதிர்புளோக்குக்காரர் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் மங்கலான நம் உருவம் அதில் அமுங்கிப்போகிறது. நமக்கோ வெளியே எல்லாம் தெரிகிறது. விளக்குப் போட்டதும் கதை மாறும். தோல்பாவைக்கூத்தில் விளக்கு திரைக்குப் பின்னால் இருப்பதால்தான் பாவை முன்னால் உட்கார்ந்தவருக்குத் தெரிகிறது. ராத்திரி எட்டு மணிக்கு வெள்ளைத் திரையை மட்டும் போட்டுவிட்டு நடமாடும் குடும்பம், எதிர்வீட்டுக்கு இலவசப் பாவைக்கூத்து.

அழகுக்கு வருகிறேன். திரையின் அழகில் பாதி அதன் மடிப்பில் இருக்கிறது. ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு நன்றாக விழும் என்பது தையல்காரர் கணக்கு. சேலை கட்டுகிறவர்களுக்கு இது தெரியும்: கொசுவத்தை இடுப்பில் நெருக்கமாக மடித்துச் செருகுகிறோம், பாதத்தை நெருங்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து அகலமாக விரிகின்றன. திரையிலும் அப்படித்தான். மேலே பத்து மடிப்பு என்றால் கீழே அதைவிடக் குறைவாக, பெரிதாக. ஏன்? 2011-இல் ‘ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ ஆய்விதழில் யூக் வாந்தெபார், பாஸ்கல் டமான் உள்ளிட்ட பெளதிகர்கள் இதற்கு விடை எழுதினார்கள். சின்ன மடிப்பு துணியை அதிகம் வளைக்கிறது, ஆற்றல் செலவு அதிகம். மேல்விளிம்பில் நாம் பிடித்து வைத்திருப்பதால் வேறு வழியில்லை. பிடி விட்டுக் கீழே வர வர, இரண்டு மடிப்பு சேர்ந்து ஒன்றாவதே துணிக்குச் சுலபம். இரண்டு மடிப்பு ஒன்றாகும் அந்தச் சந்திப்புக்கு ‘ரிங்க்லான்’ என்று பெயர் வைத்தார்கள். வியப்பு இதில் இல்லை. ஓர் அணு கனமே உள்ள கிராஃபீன் தாளில் மீட்டரின் கோடியில் சில பங்கு அளவுக்கு விழும் சுருக்கமும், கூடத்தில் தொங்கும் திரையும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படுகின்றன என்று காட்டினார்களே, அதில் இருக்கிறது. கொசுவத்தையும் அவர்கள் அளந்திருக்கலாம்.

அறையைப் பெரிதாகக் காட்டும் வித்தை பற்றி எல்லாரும் சொல்வது, நெடுக்குக் கோடு போட்ட திரை உயரத்தைக் கூட்டும் என்று. ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-இலேயே இதில் சந்தேகம் எழுப்பிவிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைக் கிடைக்கோடுகளாலும் இன்னொன்றை நெடுங்கோடுகளாலும் நிரப்பினால், கிடைக்கோட்டுச் சதுரம்தான் உயரமாகத் தெரிகிறது. நெடுங்கோட்டுச் சதுரம் அகலமாகத் தெரிகிறது. இந்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சன் இதை உடைகளில் சோதித்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஒரு சதுரத்துக்கும் உடைக்கும் பொருந்துவது முழு அறைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கோட்டை நம்பிக் காசைக் கொட்டவும் மாட்டேன்.

நம்பத்தக்கது வேறொன்று. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஓபர்ஃபெல்டும் ஹைக்கோ ஹெக்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கூரை வெளிர்நிறமாக இருந்தால் அறை உயரமாகத் தோன்றியது. சுவர் வெளிர்நிறமாக இருந்தாலும் உயரமாகத் தோன்றியது. தரையின் நிறம் எதையும் மாற்றவில்லை. நம் வீவக வீடுகளில் கூரை சுமார் 2.6 மீட்டர்தான். மேலிருந்து கீழ்வரை தொங்கும் திரை என்பது கண்ணுக்கு ஒரு சுவர்தானே? சுவர் நிறத்துக்கு நெருக்கமான வெளிர்த்துணியை, ஜன்னல் சட்டத்தின் தலையில் இல்லாமல் கூரையை ஒட்டி மாட்டினால், ஜன்னல் எங்கே முடிகிறது என்று கண் தேடாது. கம்பியை இருபுறமும் அரையடி நீட்டிவிட்டால், திறந்த திரை கண்ணாடியை மறைக்காமல் சுவரில் ஒதுங்கும். காற்றுக்கும் அதுவே வழி.

வெளுப்பதைப் பற்றித் தம்பி சொன்னதையும் முடித்துவிடுகிறேன். துணியின் நிறத்தைத் தின்பது புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மார்ட்டன் என்ற துணி ஆலைக்காரர், தான் நெய்த அலங்காரத் துணி லண்டன் கடை ஜன்னலில் ஒரே வாரத்தில் நிறம் போய்த் தொங்குவதைப் பார்த்து வெட்கப்பட்டு, வெளுக்காத சாயம் தேடிப் புறப்பட்டார். லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி. இன்று சாயத்தின் உறுதியை 1 முதல் 8 வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். நம் மேற்கு ஜன்னலுக்கு 6-க்குக் கீழே வாங்காதீர்கள். பழைய பட்டுச்சேலையைத் திரையாக்குவது அழகுதான். பட்டு வெயிலில் மஞ்சளித்து நைந்துபோகும், அம்மாவின் கூறைப்புடவை என்றால் கைவைக்க வேண்டாம்.

இன்னொன்று தூசு. இந்த ஈரக்காற்றில் செழிக்கும் ‘புளோமியா டிராப்பிகாலிஸ்’ என்ற நுண்ணுண்ணி, அரை மில்லிமீட்டருக்கும் சிறியது, சிங்கப்பூரில் மூக்கொழுகலுக்கும் இழுப்புக்கும் முக்கியக் காரணிகளில் ஒன்று. கனத்த மடிப்புத் திரை அதற்குச் சத்திரம். 60 பாகை வெந்நீரில் துவைத்தால் சாகும். துவைக்க முடியாத திரையை ஆஸ்துமாக்காரர் அறையில் மாட்டாதீர்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இந்தத் தீபாவளிக்குக் கடைக்குப் போகும் முன் ஒரு மாலை 5 மணிக்கு வீட்டில் நின்று, வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, காற்று எதில் நுழைகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். நான் கடைசியில் கூடத்துக்கு வெள்ளைப் பின்புறம் வைத்த சந்தன நிறம் எடுத்தேன். அரக்குச் சிவப்பை விட்டுவர மனமில்லை. இரண்டரை மீட்டர் வெட்டி வாங்கிப் படுக்கையறை வாசலில் மாட்டியிருக்கிறேன். அங்கே எந்தப் பக்கத்து வெயிலும் வராது.